கம்ப்யூட்டரில் கம்பம் பள்ளத்தாக்கு

‘சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ்’ என்ற கம்ப்யூட்டர் விளையாட்டில் ஒரு வரைபடம் என்பது 17.28 கிலோமீட்டர் நீளமும் அதே அகலமும் கொண்ட சதுரம். அனுமந்தன்பட்டியை நடுவில் வைத்து அதை விரித்துப் பாருங்கள். ஒரு பக்கம் கம்பம், எதிர்ப்பக்கம் சின்னமனூர், கைக்கெட்டும் தூரத்தில் உத்தமபாளையம், குறுக்கே முல்லைப் பெரியாறு, இருபுறமும் மலை என்று பள்ளத்தாக்கின் நெஞ்சுப் பகுதி முழுக்க உள்ளே வந்துவிடும். நிலத்தின் மேடுபள்ளத்தைக் கறுப்பு வெள்ளைப் படமாக ஏற்றினால் போதும், திரையில் மலைகள் தாமாக எழும்பி நிற்கின்றன. ஊர்கள் மட்டும் இருக்காது. ரோடு, வீடு, தண்டவாளம் எல்லாம் நாம் போட வேண்டியவை. போட்டதைப் பிடுங்கி மாற்றிப் போடுவதில்தான் பாதி விளையாட்டு கழிகிறது.

இந்த விளையாட்டு 2015-இல் வந்தது. செய்தவர்கள் ஃபின்லாந்தின் தம்பெரே நகரத்தில் இருந்த ‘கொலோசல் ஆர்டர்’ என்ற சிறு குழு. நம் ஊர் மாதிரி வண்டிகள் இடதுபக்கம் ஓட வேண்டுமென்றால் ஆட்டம் தொடங்கும்போதே அதற்கும் வசதி உண்டு. இதற்கெல்லாம் மூத்தது 1989-இல் வில் ரைட் உருவாக்கிய ‘சிம்சிட்டி’. ஹெலிகாப்டரிலிருந்து குண்டு போடும் விளையாட்டு ஒன்றைச் செய்துகொண்டிருந்தவருக்கு, குண்டு போடுவதைவிடக் கீழே தீவுகளை வரைந்து ரோடு போடுவதே பிடித்துப்போனது. அந்த முதல் சிம்சிட்டியில் ஒரு வேடிக்கை. ரயிலுக்கு ஸ்டேஷனே தேவையில்லை. வீட்டோரம் தண்டவாளம் போனால் போதும், ஆள் ஏறிவிட்டதாகக் கணக்கு. ரோடே போடாமல் ஊர் முழுக்கத் தண்டவாளம் இழுத்துவிட்டால் நெரிசலும் இல்லை, புகையும் இல்லை. விவரமான பிள்ளைகள் அப்படித்தான் ஜெயித்தார்கள்.

ஸ்கைலைன்ஸில் அவ்வளவு சுலபமாகத் தப்ப முடியாது. ஊர் கொஞ்சம் வளர்ந்ததும் ஏதாவது ஒரு சந்திப்பு நெரிசலில் சிவப்பாகும். சின்ன ரோட்டின் அகலம் 16 மீட்டர். அடுத்த வகை 32. இரண்டு கிளிக்கில் அகலப்படுத்திவிடலாம். ஓரத்துக் கட்டடங்கள் அந்த நொடியே காணாமல்போகும், யாரும் கேட்க வரமாட்டார்கள். நெரிசல் தீர்ந்ததா? இல்லை, அடுத்த சந்திப்புக்கு நகர்ந்திருக்கும். ரோட்டை அகலமாக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று பேசுகிறவர்கள் ஒருநாள் இதை ஆடிப் பார்க்கலாம். திரும்பத் திரும்ப இடித்து, கையிருப்பும் கரைந்த பிறகுதான் புத்தி வருகிறது. லாரிக்கு ஒரு வழி, உள்ளூருக்கு ஒரு வழி, தூரத்துப் பயணத்துக்கு ஒரு வழி என்று பிரித்தால்தான் ஊர் மூச்சுவிடுகிறது.

பள்ளத்தாக்கில் நிஜமாக நடந்ததும் அதுதான். திண்டுக்கல்லிலிருந்து தேனி, கம்பம், குமுளி வழியாகக் கேரளத்துக்குள் போகும் சாலைக்கு இப்போது எண் 183; தேனிக்கு அப்பால் அதன் பழைய எண் 220. ஒரு காலத்தில் அது ஒவ்வொரு ஊரின் கடைத்தெருவுக்குள்ளும் நுழைந்து போனது. சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் என்று ஊருக்கு ஊர் பைபாஸ் வந்த பிறகுதான் கேரளத்துக்குக் காய்கறி ஏற்றிப்போகும் லாரிகள் ஒதுங்கிப் போகின்றன. ஆனால் திரையில் இரண்டு கிளிக்கில் முடிகிற வேலை இங்கே ஆண்டுக்கணக்கில் இழுத்தது. நில அளவை, அறிவிப்பு, ஆட்சேபணை, கோர்ட். தென்னை இருந்தால் மரத்துக்குத் தனி மதிப்பு, கிணறு இருந்தால் அதற்கும் தனி மதிப்பு. விளையாட்டில் வளமான மண்ணுக்குத் தனி நிறம் காட்டுகிறார்கள்; அதன்மேல் ரோடு போட்டாலும் அபராதம் கிடையாது. கம்பம் பள்ளத்தாக்கில் பெரியாற்றுத் தண்ணீரை நம்பி இருபோகம் விளையும் வயல் 14,707 ஏக்கர். சமதளமாக, இடிக்கக் கட்டடம் இல்லாமல், ரோடு போடுகிறவன் கண்ணுக்கு முதலில் படுவது அந்த வயல்தான். கம்ப்யூட்டரில் நானும் முதலில் அங்கேதான் கை வைத்தேன்.

ரயில் கதை இன்னும் நீளம். மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்கு 1928-இல் மீட்டர்கேஜ் ரயில் வந்தது. மலையிலிருந்து இறங்கும் ஏலக்காய்க்கும் தேயிலைக்கும் அது வாசல். இரண்டாம் உலகப் போரின்போது தண்டவாளத்தைக் கழற்றிக்கொண்டு போனார்கள். 1950-களில் திரும்பப் போட்டார்கள். பிறகு அகலப்பாதை வேலைக்காக 2010 டிசம்பர் 31-உடன் வண்டி நின்றது. ஒரு மீட்டர் இடைவெளியை 1,676 மில்லிமீட்டராக்கும் வேலை. சொல்லும்போது சின்னதாகத் தெரியும். செய்யும்போது பாலம் புதிது, மண்கரை புதிது, ஆண்டிபட்டி கணவாயில் பாறையை வெட்டிப் பாதையைச் சீராக்க வேண்டும். நிதி ஒரு வருஷம் வரும், ஒரு வருஷம் சொட்டும். தேனிக்கு ரயில் திரும்பியது 2022 மே மாதம். போடிக்கு 2023 ஜூன் 15. தொண்ணூறு கிலோமீட்டருக்குப் பன்னிரண்டரை வருஷம்.

விளையாட்டில் பாதையைப் பிடுங்குகிறபோது ‘பாஸ்’ பட்டனை அழுத்திவைத்துக்கொள்ளலாம். ஊரே அசையாமல் நிற்கும். புதிய பாதையைப் பொருத்தி ஆட்டத்தை ஓடவிட்டால், பழைய பயணிகள் அதே பிளாட்பாரத்தில் வந்து நிற்பார்கள். போடியில் ஒன்றாம் வகுப்பு சேர்ந்த பிள்ளை பிளஸ் டூ முடித்து வெளியே வரும்வரை ரயில் இல்லை. அதற்குள் வியாபாரிகள் லாரிக்குப் போய்விட்டார்கள், மற்றவர்கள் பஸ்ஸுக்கும் பைக்குக்கும் பழகிவிட்டார்கள். திரும்பி வந்த ரயிலும் முதலில் ஒன்றே ஒன்று. காலையில் மதுரையிலிருந்து தேனிக்கு வரும், மாலையில் தேனியிலிருந்து மதுரைக்குத் திரும்பும். மதுரைக்காரர் தேனிக்கு வேலைக்கு வந்துபோக வசதி. காலையில் மதுரை ஆஸ்பத்திரிக்கோ கல்லூரிக்கோ போக வேண்டிய தேனிக்காரருக்கு அதனால் என்ன பயன்? ஸ்கைலைன்ஸில் கால அட்டவணை என்றே ஒன்று கிடையாது; ரயில்கள் பாட்டுக்கு வந்துகொண்டே இருக்கும். விளையாட்டில் எனக்குப் பெரிய குறையாகப் படுவது இதுதான். தண்டவாளம் போடுவதற்கு எத்தனை யோசனை வேண்டுமோ அத்தனையும் எத்தனை மணிக்கு வண்டி என்பதற்கும் வேண்டும்.

ரயில் வந்ததும் தேனியில் வேறொரு தலைவலி. மதுரை ரோடு, பெரியகுளம் ரோடு, கம்பம் ரோடு மூன்றும் நேரு சிலை அருகே முட்டிக்கொள்ளும் ஊர் அது. பதினோரு வருஷத்துக்கும் மேலாகத் திறந்தே கிடந்த ரயில்வே கேட்டுகள் மறுபடி மூடத் தொடங்கின. விளையாட்டில் ரொம்ப நேரம் நெரிசலில் நிற்கும் வண்டிகள் சத்தமில்லாமல் மறைந்துபோகும். ஆடுகிறவர் மனம் நோகக் கூடாது என்று செய்த ஏற்பாடு. கேட்டில் நிற்கும் மினிபஸ்ஸும் ஆம்புலன்ஸும் மறைகிற வழியில்லை.

ஆனாலும் இந்தப் பள்ளத்தாக்கில் ஒரு விஷயத்தை, கம்ப்யூட்டர் இல்லாமலே, விளையாட்டுக்காரர்களைவிடச் சாமர்த்தியமாகச் செய்கிறார்கள். கார்த்திகை பிறந்தால் சபரிமலைக் கூட்டம் வரும். ஆந்திரா, கர்நாடகா வண்டிகளும் சேர்ந்து லோயர் கேம்ப்புக்கு மேலே குமுளி மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவுகளில் எதிரெதிரே சிக்கினால் இரண்டு மாநிலமும் நின்றுவிடும். அதனால் கூட்டம் பெருகும் நாள்களில் போகும் வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாக ஏற்றிவிட்டு, திரும்பும் வண்டிகளைக் குமுளி வழியாக இறக்குகிறார்கள். இரண்டு மலைப்பாதை, ஒரே வட்டம், ஒருவழிப் போக்குவரத்து. ஒரு மீட்டர் ரோடுகூடப் புதிதாகப் போடவில்லை, ஒரு மரம் வெட்டவில்லை. அகலப்படுத்துவதற்கு முன்னால் சுற்றிவிட்டுப் பார் என்று ஸ்கைலைன்ஸில் பழகியவர்கள் சொல்வார்கள்; உத்தமபாளையம் வட்டத்துப் போலீஸ்காரர்களுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

திண்டுக்கல்லிலிருந்து கம்பம் வழியாக லோயர் கேம்ப்வரை ரயில் வேண்டும் என்ற கோரிக்கை தேர்தலுக்குத் தேர்தல் எழும்பி அடங்குகிறது. வரைபடத்தைத் தெற்கே நகர்த்தி அதையும் திரையில் போட்டுப் பார்த்தேன். லோயர் கேம்ப்புக்கு மேலே தண்டவாளத்தை இழுத்தால் சரிவு அதிகம் என்று விளையாட்டே மறுத்துவிடுகிறது. கீழே சிக்கல் வேறு. வயலில் போட்டால் இருபோகம் போகும். மலையடிவாரத்தில் போட்டால் ஸ்டேஷன் ஊரைவிட்டுத் தள்ளி நிற்கும். அடிவாரம்தான் சரி என்பது என் கட்சி. தள்ளி நிற்கும் ஸ்டேஷனுக்குப் பஸ் விடலாம், போன வயலைத் திரும்ப வாங்க முடியாது.

அந்தப் பஸ் வருமா என்பதுதான் கேள்வி. பைபாஸ் வந்த பிறகு பல ஊர்களில் ராத்திரி நேரத்தில் ஊருக்குள் வராமல் பிரிவிலேயே இறக்கிவிட்டுப் போகும் பஸ்களைப் பற்றிச் சொல்லாத ஆள் இல்லை. ஸ்கைலைன்ஸில் நிறுத்தத்தைத் தொட்டுத் தொட்டு ரூட் வரைந்தால், ஏற ஒரே ஒரு ஆள் இருந்தாலும் பஸ் நின்றுதான் போகும். இத்தனை தப்புக் கணக்குகள் உள்ள விளையாட்டில் இந்த ஒன்றை மட்டும் யாராவது நம் டிப்போக்களுக்குக் காட்டலாம்.