படம் பிடிக்குமுன் ஒரு சொல்

திருகோணமலைத் துறைமுகத்தைக் காண வருவோரில் பலர் கன்னியாவுக்கும் சென்றே திரும்புவர். ஆங்குள்ள ஏழு வெந்நீர்க் கிணறுகளில் நீராடுவதும், இறந்தோருக்கு அந்தியேட்டிக் கடன் கழிப்பதும் நம்மவர் வழக்கம். ஈரச் சேலையுடன் நிற்கும் ஒரு தாயை, முன்பின் அறியாத ஒருவர் கைத்தொலைபேசியை நீட்டிப் படம் பிடித்தால் அவள் மனம் என்ன பாடுபடும்! கேட்டால், "பொது இடந்தானே!" என்பார் அவர்.

அவ்விடை பாதி உண்மையே. பொது இடத்தில் படம் பிடிப்பதை முற்றாகத் தடுக்கும் சட்டம் இலங்கையில் இல்லை. அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை கருத்து வெளியிடும் சுதந்திரத்தைக் காக்கின்றது. அடிப்படை உரிமைகளின் வரிசையிலே அந்தரங்க உரிமை தனியே பெயர் கூறப்படவில்லை. எனினும் நம் நாட்டில் நிலவும் உரோமன் ஒல்லாந்தச் சட்டத்தின்படி, ஒருவரது மானத்தை வேண்டுமென்றே புண்படுத்தியவர்மீது நட்டஈடு கோரி வழக்குத் தொடுக்கலாம். 2022ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, ஆளை அடையாளங் காட்டும் விவரங்களைக் காப்பது; ஆயினும் முற்றிலும் சொந்த, வீட்டுத் தேவைக்கானவற்றை அது தன் வரம்பிலிருந்து விலக்கியுள்ளது.

அப்படியாயின் புகைப்படக் கருவியையே பகையென்று கொள்வதா? அதுவும் தகாது. 2006 சனவரி 2ஆம் நாள் இந்நகர்க் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டனர். கைக்குண்டு வெடித்து மாண்டனர் என்றே முதலிற் கூறப்பட்டது. 'சுடர் ஒளி' நிருபர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த படங்களோ துப்பாக்கிச் சூட்டுக் காயங்களை உலகுக்குக் காட்டின. அம்மாதம் 24ஆம் நாள் அவரும் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்படங்கள் இல்லையேல் அப்பொய்யே வரலாறாகியிருக்கும்.

ஆகவே இரண்டையும் வேறு பிரித்தறிதல் வேண்டும். அநீதியை வெளிப்படுத்தும் படத்திற்கு, அநீதி இழைத்தவரின் இசைவு வேண்டுவதில்லை. நீராடும் தாயும், கரைவலை இழுக்கும் தொழிலாளியும், மணலில் விளையாடும் குழந்தையும் எவருக்கும் தீங்கிழைத்தவரல்லர். அவர்தம் முகம் அவர்தம் உடைமை. "ஒரு படம் எடுக்கலாமா, அம்மா?" என்று கேட்பதற்கு எவ்வளவு நேரமாகும்? குழந்தையாயின் பெற்றோரைக் கேட்போம். வேண்டாமென்றால் கருவியைத் தாழ்த்துவோம், எடுத்துவிட்டிருப்பின் அழித்துவிடுவோம்.

சட்டம் வாய் திறவாத இடத்திலும் பண்பு பேசட்டும்.