பக்கத்து வீட்டு சிசிடிவி உங்கள் வாசலையே பார்க்கிறதா? சட்டம் என்ன சொல்கிறது, நீங்கள் என்ன செய்யலாம்?

"நேத்து ராத்திரி பொண்ணு வர பதினொண்ணு ஆயிடுச்சு போல?"

காலையில் பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறந்ததும் எதிர் வீட்டிலிருந்து இப்படி ஒரு கேள்வி வந்தால் உங்களுக்கு எப்படி இருக்கும்? அவர் ராத்திரி முழுக்க கண் விழித்து உட்கார்ந்திருக்கவில்லை. அவர் வாசலுக்கு மேலே மாட்டியிருக்கும் கேமரா பார்த்தது, காலையில் அவர் செல்போன் காட்டியது. அவ்வளவுதான்.

அடுத்த வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைப்பவர்கள் எந்தத் தெருவுக்கும் புதிதில்லை. ஆனால் முன்பெல்லாம் வம்பு வாயோடு போனது. இப்போது தேதி, நேரத்தோடு பதிவாகிறது. வீட்டில் யார், எத்தனை மணிக்கு வருகிறார்கள், எப்போது வீடு பூட்டிக் கிடக்கிறது என்பதெல்லாம் இன்னொருவர் கையில் இருக்கிறது. இதை எங்கே தடுக்க முடியும், எங்கே பொறுத்துப் போக வேண்டும்?

கேமரா மாட்டுவதே தவறா?

இல்லை. தன் வீட்டு வாசல், வண்டி நிறுத்துமிடம், சுற்றுச்சுவர் இவற்றைப் பாதுகாக்க ஒருவர் கேமரா வைத்துக்கொள்ளலாம். தெருவின் ஒரு பகுதி அதில் தெரிவதையும் பெரும்பாலும் தவிர்க்க முடியாது. வீட்டு கேமராவுக்கென்று நாடு முழுமைக்குமான தனிச் சட்டமும் இல்லை.

சிக்கல் தொடங்குவது, அந்தக் கேமரா உங்கள் படுக்கையறை ஜன்னலையோ, துணி காயப்போடும் மாடியையோ, கதவைத் திறந்தால் தெரியும் கூடத்தையோ பார்க்கும்போதுதான். 'பாதுகாப்புக்காக' என்ற காரணம் சொல்லி அடுத்தவர் வீட்டை எட்டிப் பார்க்க முடியாது என்று 2023-ஆம் ஆண்டு ஒரு வழக்கில் கேரள உயர் நீதிமன்றம் கூறியது. ஒரே வீட்டைப் பகிர்ந்து வாழும் உறவினர்கள் தொடர்பான வழக்கில், உடன் வசிப்பவரின் சம்மதம் இல்லாமல் அவர் குடியிருக்கும் பகுதிக்குள் கேமராவை இயக்கக் கூடாது என்று 2025-இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்துவிட்டது.

ஜன்னல் சண்டை 1888-லேயே இருந்தது

இது கேமரா வந்த பிறகு முளைத்த பிரச்சனை என்று நினைக்க வேண்டாம். 1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டத்தின் 18-ஆவது பிரிவு, வழக்கத்தால் வரும் உரிமைகளைப் பற்றிப் பேசுகிறது. அதில் தரப்பட்டுள்ள ஓர் உதாரணமே ஜன்னல்தான்: அண்டை வீட்டாரின் அந்தரங்கத்தைப் பெரிதும் கெடுக்கும் விதத்தில் புது ஜன்னல் திறக்கக் கூடாது என்ற வழக்கம் ஓர் ஊரில் இருந்தால், சட்டம் அதை ஏற்கும். 1888-இல் அலகாபாத் உயர் நீதிமன்றமும், அடுத்த வீட்டுப் பெண்கள் புழங்கும் இடத்தைப் பார்க்கும்படி கட்டப்பட்டது தொடர்பான வழக்கில் இந்த உரிமையை ஏற்றது. அன்றைக்கு ஜன்னல், இன்றைக்கு கேமரா.

அந்தரங்கம் அடிப்படை உரிமைதானே?

ஆமாம். 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் கொண்ட அமர்வு, அந்தரங்கத்துக்கான உரிமை அரசமைப்புச் சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட அடிப்படை உரிமை என்று ஒருமனதாக அறிவித்தது. ஆனால் அடிப்படை உரிமைகள் முதன்மையாக அரசைக் கட்டுப்படுத்துபவை. பக்கத்து வீட்டுக்காரரிடம் தீர்ப்பை நீட்டினால் மட்டும் கேமரா திரும்பிவிடாது. அவருக்கு எதிரான வழக்கமான வழி, உரிமையியல் நீதிமன்றத்தில் தடையாணை கேட்பதுதான்.

2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இங்கே பெரிதாகக் கைகொடுக்காது. தனிநபர் ஒருவர் தன் சொந்த அல்லது வீட்டுத் தேவைக்காகக் கையாளும் தரவுக்கு அது பொருந்தாது.

எப்போது அது குற்றம்?

வெறும் ஆர்வக் கோளாறு குற்றம் இல்லை. கீழ்க்கண்டவை குற்றம்:

• குளிப்பது, உடை மாற்றுவது போன்ற தனிப்பட்ட நேரத்தில், யாரும் பார்க்க மாட்டார்கள் என்று ஒரு பெண் நம்பும் சூழலில், அவரைப் பார்ப்பது அல்லது படமெடுப்பது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆவது பிரிவின்படி முதல் முறைக்கே 1 முதல் 3 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. படம் எடுத்திருக்கத் தேவையில்லை, ஒளிந்து பார்த்தாலே போதும்.

• ஒருவரின் அந்தரங்க உறுப்புகளைச் சம்மதமின்றிப் படமெடுப்பது, பரப்புவது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவு இது. ஆண், பெண் இருவருக்கும் பொருந்தும். 3 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

• விருப்பமில்லை என்று தெளிவாகக் காட்டிய பிறகும் ஒரு பெண்ணை ஒருவன் திரும்பத் திரும்பப் பின்தொடர்ந்து பேச முயல்வது. இது 78-ஆவது பிரிவில் வருகிறது.

இந்த மூன்றில் எதுவாக இருந்தாலும் சமாதானம் பேசிக்கொண்டிருக்க வேண்டாம். நேராகக் காவல் நிலையம் போங்கள். அவசரத்துக்கு 112, பெண்களுக்கான உதவி எண் 181.

மற்றபடி, எங்கிருந்து தொடங்குவது?

முதலில் பேசுங்கள். அதுவும் அவர் கோபமாக இல்லாத நேரம் பார்த்து. "கேமராவை எடுங்க" என்று ஆரம்பித்தால் அது சண்டையில்தான் முடியும். "உங்க போன்ல எங்க வீடு எவ்ளோ தூரம் தெரியுதுன்னு ஒரு தடவை காட்டுறீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். பல நேரம் மாட்டிவிட்டுப் போனவர் வைத்த கோணம்தான் காரணமாக இருக்கும், வீட்டுக்காரருக்கே தெரிந்திருக்காது.

கேமராவைச் சற்றுத் திருப்பினாலே போதுமா என்று பாருங்கள். இன்று பல கேமராக்களில், படத்தில் குறிப்பிட்ட பகுதியை மட்டும் கறுப்பாக மறைக்கும் வசதி செட்டிங்ஸிலேயே இருக்கிறது. குரலும் பதிவானால் அதை அணைக்கச் சொல்லுங்கள். உங்கள் வாசலில் பேசுவது அவர் போனில் கேட்க வேண்டிய அவசியம் இல்லையே.

கேட்கவில்லை என்றால் எழுத்தில் கொடுங்கள். அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் நலச் சங்கத்துக்கு ஒரு நகல். தேதி முக்கியம். உங்கள் ஜன்னலிலிருந்து அந்தக் கேமரா எப்படித் தெரிகிறது என்று படம் எடுத்து வையுங்கள். அதற்காக அவர் வீட்டுக்குள் படம் எடுத்துவிடாதீர்கள்.

அதற்கும் பலன் இல்லையா? வழக்கறிஞர் நோட்டீஸ், பிறகு தடையாணை வழக்கு. அதற்கு முன் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகிப் பாருங்கள். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு வருமானம் பார்க்காமலே இலவசச் சட்ட உதவி கிடைக்கும். உதவி எண் 15100.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: கோபத்தில் கேமராவை உடைப்பது, வயரை அறுப்பது, பெயின்ட் அடிப்பது. சொத்தைச் சேதப்படுத்தியதாக வழக்கு உங்கள் மேல் திரும்பிவிடும்.

கேமரா இல்லை, கேள்விதான் தொல்லை என்றால்?

"சம்பளம் எவ்ளோ?", "இன்னும் விசேஷம் இல்லையா?" போன்ற கேள்விகளுக்குச் சட்டத்தில் மருந்து கிடையாது. பதில் சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. "எல்லாம் நல்லபடியா போகுதுங்க, உங்க முட்டி வலி இப்ப எப்படி?" என்று சிரித்துக்கொண்டே பேச்சைத் திருப்பலாம். வீட்டுப் பெரியவர்களும் நீங்களும் எதை வெளியே சொல்லலாம், எது நமக்குள் என்று முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகளைப் பொய் சொல்லப் பழக்க வேண்டாம். "அம்மாவைக் கேளுங்க ஆன்ட்டி" என்ற ஒரு வரி போதும். ஊருக்குப் போகும் படத்தை, குடியிருப்பு வாட்ஸ்அப் குழு பார்க்கும் ஸ்டேட்டஸில் போடுவதைத் திரும்பி வந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

கடைசியாக ஒன்று. புகார் கொடுக்கப் போகும் முன் உங்கள் வீட்டு கேமராவையும் ஒருமுறை திறந்து பாருங்கள். அதில் எதிர் வீட்டு ஜன்னல் தெரிந்தால், முதலில் திரும்ப வேண்டியது அதுதான். "நானும் என்னுடையதைத் திருப்பிட்டேன்" என்று சொல்லிக்கொண்டு போகிறவருக்குக் கதவு கொஞ்சம் சீக்கிரமே திறக்கும். நள்ளிரவில் யாருக்காவது நெஞ்சு வலி என்றால் நாம் முதலில் தட்டப் போவதும் அந்தக் கதவைத்தானே.