மதிப்பெண் இல்லாத பாடவேளை: நாஞ்சில் நாட்டுப் பள்ளி மன்றங்களின் ஓராண்டு

பாடத்திட்டத்துக்கு வெளியே ஏதேனும் ஒரு விருப்பத்தை ஒட்டி மாணவர்கள் கூடி, பொறுப்பாசிரியர் ஒருவரின் துணையோடு ஆண்டு முழுவதும் நடத்தும் அமைப்பே பள்ளிகளில் மன்றம் எனப்படுகிறது. இலக்கியம், அறிவியல், சுற்றுச்சூழல், வினாடி வினா எனப் பலவாகப் பிரியும் இம்மன்றங்களோடு சாரணர் இயக்கம், 1948-இல் தொடங்கிய தேசிய மாணவர் படை, 1969-இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டம் ஆகியவற்றின் கிளைகளும் மேல்நிலைப்பள்ளிகளில் இயங்குகின்றன. அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கென அறிவியலையும் கணிதத்தையும் செய்துபார்த்துக் கற்பிக்கும் வானவில் மன்றம், 2022 நவம்பர் 28 அன்று திருச்சி காட்டூரில் தொடங்கிவைக்கப்பட்டது. அமைப்புகளுக்குக் குறைவில்லை என்றாலும், கேடயம் வாங்குவதோடு முடிந்துபோகும் மன்றத்துக்கும் ஆண்டுதோறும் வளர்ந்துவரும் மன்றத்துக்கும் உள்ள வேறுபாட்டை, தன் ஊரிலேயே கிடைக்கும் பொருளை அது எந்த அளவுக்குக் கையாள்கிறது என்பதே பெரிதும் தீர்மானிக்கிறது. அத்தகைய பொருள், நாஞ்சில் நாட்டை உள்ளடக்கிய குமரி மாவட்டத்தில் ஏராளம்.

கல்வியாண்டு தொடங்கும் ஜூன் மாதம், இடவப்பாதி என்று இம்மாவட்டத்தார் அழைக்கும் தென்மேற்குப் பருவமழையின் காலம் என்பதால், முதலில் சுறுசுறுப்படைவது உள்ளரங்கில் கூடும் இலக்கிய மன்றமே. அம்மன்றத்துக்கு உள்ளூரிலேயே பொருள் உண்டு. 1876 ஜூலை 27 அன்று இம்மாவட்டத்தின் தேரூரில் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை, ஆசிரியராகப் பணியாற்றியபடியே குழந்தைப் பாடல்களை எழுதியதோடு கல்வெட்டு ஆய்விலும் ஈடுபட்டார். நாஞ்சில் நாட்டில் அன்று நிலவிய, சொத்து மகனுக்குப் போகாமல் சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும் தாய்வழி உரிமை முறையை ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்’ என்னும் நூலில் எள்ளி நகையாடினார். எழுதிக் கொடுத்ததை மனப்பாடமாக ஒப்பிக்கும் பேச்சுப் போட்டியைவிட, இந்நூலை முன்வைத்து இரு அணிகள் வாதிடும் பட்டிமன்றம், தம் குடும்பங்களின் இரண்டு மூன்று தலைமுறை வரலாற்றை மாணவர்கள் வீட்டில் கேட்டறிந்துவர வழிசெய்யும்.

நிழல் இல்லாத நண்பகல்

கடகரேகைக்கும் மகரரேகைக்கும் இடைப்பட்ட ஊர்களில் ஆண்டுக்கு இருமுறை நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வருவதால், செங்குத்தாக நிற்கும் பொருளின் நிழல் அதன் அடிக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. இதுவே நிழலில்லா நாள். வடக்கே ஏறத்தாழ 8.2 பாகை அட்சரேகையில் உள்ள நாகர்கோவிலுக்கு இது ஏப்ரல் 10, 11 தேதிகளை ஒட்டியும், மீண்டும் செப்டம்பர் 1 வாக்கிலும் வருகிறது. ஏப்ரல் மாதம் தேர்வும் விடுமுறையுமாகப் போய்விடுவதால், அறிவியல் மன்றத்துக்கு வாய்ப்பது செப்டம்பர் நாள்தான். இந்திய நேரம் பிரயாக்ராஜ் (அலகாபாத்) அருகே செல்லும் தீர்க்கரேகையைக் கொண்டு கணிக்கப்படுவதால், மேற்கே தள்ளியிருக்கும் நாகர்கோவிலில் சூரியன் உச்சியை அடைவது 12 மணிக்கன்று, ஏறத்தாழ 12.21-க்கே என்பதை மாணவர்கள் அன்று கண்கூடாகக் காண்கிறார்கள். தூக்குக்குண்டு கட்டிச் சரிபார்க்காமல் நட்ட கம்பிக்கு ஒரு பக்கம் நிழல் ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதால், அளவெடுப்பதற்கு முன் கருவியைச் சரிசெய்ய வேண்டும் என்ற பாடத்தையும் இந்தச் சோதனை சொல்லாமலே சொல்லித்தருகிறது. அதே நாளில் சென்னைப் பள்ளி ஒன்று, அங்கு சூரியன் உச்சிக்கு வரும் நேரத்தில் கம்பியின் நிழலை அளந்து சொல்லுமானால் சூரியக் கதிர் கம்பியோடு ஏற்படுத்தும் கோணம் ஏறத்தாழ 4.9 பாகை எனக் கிடைக்கும். இரு ஊர்களுக்கும் இடையிலான தெற்கு வடக்குத் தொலைவான சுமார் 540 கிலோமீட்டரை 360-ஆல் பெருக்கி அக்கோணத்தால் வகுத்தால், பூமியின் சுற்றளவு 39,700 கிலோமீட்டர் அளவில் வந்துவிடும். உண்மையான அளவு ஏறத்தாழ 40,000. எகிப்தில் கிரேக்க அறிஞர் எரடோஸ்தெனிஸ் கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் கையாண்ட முறையும் இதுவே.

சக்கரமும் சங்கும்

அக்டோபர் 9 உலக அஞ்சல் தினம் என்பதால், அம்மாதம் அஞ்சல்தலை மன்றத்துக்கு உரியதாகிறது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் 1956 நவம்பர் 1 அன்று தமிழகத்தோடு இணையும்வரை திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் (பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியின்) பகுதியாக இருந்தமையால், பழைய வீடுகளின் பெட்டிகளில் வேறு மாவட்டங்களில் எளிதில் கிடைக்காத காசுகளும் அஞ்சல்தலைகளும் கிடக்க வாய்ப்புண்டு. 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய் என்பது அன்றைய நாணயக் கணக்கு. தனக்கெனத் தனி அஞ்சல் துறை வைத்திருந்த அந்த சமஸ்தானம், 1888-இல் சங்குச் சின்னம் பொறித்த தன் முதல் அஞ்சல்தலையை வெளியிட்டது. 1939-இல் வெளியான வரிசையில் கன்னியாகுமரியும் பேச்சிப்பாறை நீர்த்தேக்கமும் இடம்பெற்றன. பள்ளி அஞ்சல்தலை மன்ற உறுப்பினர்களான 6 முதல் 9 வரையிலான வகுப்பு மாணவர்களில் தேர்வு பெறுவோருக்கு, மாதம் 500 ரூபாய் உதவித்தொகை வழங்கும் தீனதயாள் ஸ்பர்ஷ் திட்டத்தை இந்திய அஞ்சல் துறை 2017 முதல் நடத்திவருகிறது.

குளக்கரையில் கணக்கு

கன்னிப்பூ என்னும் முதல் போக நெல்லின் அறுவடை முடிந்து, மாசி வாக்கில் அறுக்கப்படும் கும்பப்பூ நெற்பயிர் வயல்களில் வளர்ந்து, வடகிழக்குப் பருவமழையில் குளங்கள் நிரம்பும் மாதங்கள் சுற்றுச்சூழல் மன்றத்தின் காலமாகும். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களைப் பட்டியலிடும் ராம்சார் உடன்படிக்கையில், சுசீந்திரம் தேரூர் ஈரநிலத் தொகுதியும் வேம்பனூர் ஈரநிலத் தொகுதியும் 2022-இல் சேர்க்கப்பட்டன. நாகர்கோவில் மாணவர்கள் பேருந்தில் சென்று திரும்பும் தொலைவிலேயே கூழைக்கடா, சங்குவளை நாரை, அரிவாள் மூக்கன், மீசை ஆலா ஆகியவற்றைப் பார்க்க முடிகிறது. 2015 முதல் ஜனவரியில் நடைபெறும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் பங்கேற்க, ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று கண்டவற்றைப் பதிவுசெய்தால் போதும். பெருங்கூட்டத்தை எண்ண, முதலில் பத்துப் பறவைகளை எண்ணி, அவை அடைத்துக்கொள்ளும் பரப்பு மொத்தக் கூட்டத்தில் எத்தனை முறை அடங்குகிறது என்று கணிக்கும் உத்தியை மாணவர்கள் விரைவில் கற்றுக்கொள்வர். பறவையே வராத நாளையும் எழுதிவைக்கப் பழக்குவதற்குத்தான் ஆசிரியருக்குப் பொறுமை வேண்டும்.

பிப்ரவரி பிறந்ததும் செய்முறைத் தேர்வும் பொதுத்தேர்வும் நெருங்க, மன்றப் பாடவேளைகள் திருப்புதல் தேர்வுகளுக்குப் போய்விடுகின்றன. மன்றத்தால் மார்க் கூடுமா என்று பெற்றோர் கேட்பதையும் குறை சொல்வதற்கில்லை. மாணவர்கள் பள்ளியை விட்டுப் போவதும் பொறுப்பாசிரியர் மாறுதலில் செல்வதும் தவிர்க்க இயலாதவை என்பதால், மன்றத்தின் ஆயுள் அதன் பதிவேட்டில்தான் இருக்கிறது. நாளும் நேரமும் இடமும் குறித்த நிழல் அளவுகளும் பறவைக் கணக்கும் காசு விவரங்களும் பள்ளி நூலகத்தில் ஒப்படைக்கப்படுமானால், அடுத்த ஜூனில் சேரும் ஆறாம் வகுப்பு மாணவன் ஒன்றாம் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டியதில்லை. பத்தாண்டுகள் விடாமல் தொடரும் அத்தகைய பதிவேடு, தேரூர்க் குளத்தைப் பற்றி முடிவெடுக்க வேண்டியவர்களும் கேட்டு வாங்கிப் பார்க்கும் ஆவணமாகிவிடும்.