இறைச்சிப் பொதியின் சுட்டுத்துண்டும் உணவின் பிறப்பிடமும்

யாழ்ப்பாணத்துக் கிராமங்களிற் பங்கு இறைச்சி போடும் வழக்கம் உண்டு. அயலவர் சிலர் கூடி ஓர் ஆட்டை வாங்கி அடித்து, இறைச்சியைச் சமபங்காகப் பிரித்துக்கொள்வர். அவ்வாடு எவர் வளவில் வளர்ந்தது, எக்குழையைத் தின்றது, நோயுற்றிருந்ததா என்பன பங்குகாரர் யாவர்க்கும் தெரியும். அங்கே சுட்டுத்துண்டுக்கு வேலையில்லை.

உண்பவருக்கும் வளர்த்தவருக்கும் இடையே தூரம் கூடும்பொழுது, கண்ணாற் கண்ட அறிவின் இடத்தைப் பொதியில் ஒட்டிய எழுத்துப் பிடித்துக்கொள்கிறது. அவ்வெழுத்துப் பிழையானால் உண்பவர் ஏமாறுவதோடு, நேர்மையாக வளர்த்தவரும் தமக்குரிய விலையை இழக்கிறார். ஆதலால், இவ்விடயம் பட்டினத்தாருக்கு மாத்திரமன்றி, நெல்லும் மரக்கறியும் செய்யும் கமக்காரருக்கும் உரியதாகும். சுட்டுத்துண்டு மூன்று வகையில் ஏமாற்றக்கூடும்.

1. முழுப்பொய்

2013 சனவரியில் அயர்லாந்தின் உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை, மாட்டிறைச்சியாற் செய்யப்பட்டவையெனக் கடைகளில் விற்கப்பட்ட 27 வகைப் பேகர்களின் மரபணுச் சோதனை முடிவுகளை வெளியிட்டது. 10 வகைகளிற் குதிரையின் மரபணுவும் 23 வகைகளிற் பன்றியின் மரபணுவும் காணப்பட்டன. பெரும்பாலானவற்றிற் குதிரையின் அளவு மிகச் சிறிதே. எனினும் ஒரு வகையில் அது 29 சதவீதமாக இருந்தது. அடுத்த மாதம் பிரித்தானியாவில், மாட்டிறைச்சி லசானியா என விற்கப்பட்ட ஆயத்த உணவு சிலவற்றில் 60 முதல் 100 சதவீதம் வரை குதிரையிறைச்சியே இருப்பது தெரியவந்தது.

அந்த லசானியாவின் இறைச்சி உருமேனியாவிற் குதிரையிறைச்சி என்றே விற்கப்பட்டது. பின்னர் வியாபாரிகளின் கைமாறிப் பிரான்சுக்குச் சென்று, மாட்டிறைச்சி என்னும் பெயரைப் பெற்று, லக்சம்பேர்க்கில் உள்ள தொழிற்சாலையிற் சமைக்கப்பட்டது. குதிரையிறைச்சி மாட்டிறைச்சியிலும் மலிவானது என்பதே இம்மோசடிக்குக் காரணம். 2019 இற் பாரிஸ் நீதிமன்றம் இதிற் சம்பந்தப்பட்டோருக்குத் தண்டனை விதித்தது.

குதிரையிறைச்சி தன்னளவில் நஞ்சன்று. ஆயினும் குதிரைகளின் வலியை நீக்கக் கொடுக்கப்படும் பினைல்பியூற்றசோன் என்னும் மருந்து, உணவாகப் பயன்படும் விலங்குகளுக்கு ஐரோப்பாவிலே தடைசெய்யப்பட்டதாகும். பன்றியை விலக்கி உண்பவருக்கு நேர்ந்த கேடோ மருந்தாலும் பணத்தாலும் ஈடுசெய்யக்கூடியதன்று.

2. பொருள் நீட்டப்பட்ட சொல்

இவ்வகையிற் சட்டம் மீறப்படுவதில்லை, சட்டமே இடங்கொடுக்கிறது. அமெரிக்காவில் மாட்டிறைச்சி, பன்றியிறைச்சி ஆகியவற்றின் பிறப்பிட நாட்டைக் கட்டாயமாகக் குறிக்கவேண்டும் என்ற விதி, கனடாவும் மெக்சிக்கோவும் உலக வர்த்தக அமைப்பிற் செய்த முறைப்பாட்டின் விளைவாக 2015 டிசம்பரில் நீக்கப்பட்டது. அதன்பின், பிறநாட்டில் வளர்ந்து அறுக்கப்பட்டு இறக்குமதியான இறைச்சியை அமெரிக்காவில் வெட்டிப் பொதிசெய்து, “அமெரிக்க உற்பத்தி” என எழுத இடமிருந்தது. தம் நிலத்தில் மாடு வளர்த்த அமெரிக்கக் கமக்காரர் இதனை எதிர்த்தனர். 2024 மார்ச்சில் அந்நாட்டு விவசாயத் திணைக்களம் விதியைத் திருத்தியது. அதன்படி 2026 சனவரி 1 முதல், அமெரிக்காவிலேயே பிறந்து, வளர்ந்து, அறுக்கப்பட்டு, பதப்படுத்தப்பட்ட விலங்கின் இறைச்சிக்கே அச்சொல் உரியதாகும்.

3. உண்மையாயினும் வெறுமையான சொல்

அமெரிக்காவிற் கோழி வளர்ப்பில் ஓமோன் பாவிப்பதற்கு அனுமதியில்லை. ஆகவே “ஓமோன் சேர்க்கப்படவில்லை” என்பது ஒரு பண்ணையின் தனிச்சிறப்பன்று. இக்காரணத்தால், அவ்வாறு எழுதுவோர் அத்தடையையும் பக்கத்தே குறிக்கவேண்டும் என்று விதி உள்ளது. “இயற்கையானது” என்னும் சொல்லும் இத்தகையதே. அது செயற்கைப் பொருளோ நிறமோ சேர்க்கப்படவில்லை, பதப்படுத்தல் மிகக் குறைவு என்பவற்றையே அந்நாட்டிற் குறிக்கும். விலங்கு எவ்வாறு வளர்க்கப்பட்டது என்பதை அது கூறாது.

நம் நாட்டு நிலை

இலங்கையில் 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டம் பொய்யான சுட்டுத்துண்டைத் தடைசெய்கிறது. ஆயினும் சுட்டுத்துண்டே இல்லாத பொருளிலும் ஏமாற்று நிகழ்வதுண்டு. வெளிநாட்டு உருளைக்கிழங்கிற் செம்மண்ணைப் பூசி, உள்ளூர்க் கிழங்கென விற்கின்றனர் என்று மலைநாட்டுக் கமக்காரர் முறையிட்டுள்ளனர். அங்கே மண்ணே சுட்டுத்துண்டாகிறது. குதிரையை மாடாக்கியவரும் கிழங்கிற்கு மண் பூசுபவரும் செய்வது ஒரே தொழிலாகும்.

கமக்காரர் கவனிக்கவேண்டியவை

1. பொதியை வாங்குமுன் அதன் முகப்பிலுள்ள பெரிய எழுத்தை விட்டு, சேர்பொருள், பிறப்பிட நாடு, உற்பத்தியாளர் முகவரி, காலாவதித் திகதி ஆகிய சிறிய எழுத்துக்களை வாசித்தல் வேண்டும்.

2. இறைச்சியை உள்ளூராட்சிச் சபையின் அனுமதிப்பத்திரம் பெற்ற கடையில், இயன்றவரை முழுத்துண்டாக வாங்குதல் நன்று. கொத்திய இறைச்சியிற் கலப்பைக் கண்ணாற் காணுதல் அரிது.

3. ஐயம் ஏற்படின் பொதியையும் பற்றுச்சீட்டையும் எறியாது, பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் அறிவித்தல் வேண்டும்.

4. தம் விளைபொருளை விற்கும்பொழுது, இனம், விளைந்த இடம், அறுவடைத் திகதி, கடைசியாக மருந்து தெளித்த திகதி ஆகியவற்றை ஒரு கொப்பியிற் குறித்துவைத்தல் வேண்டும். வாங்குபவர் கேட்டால் தயங்காது காட்டலாம்.

5. பழைய நெல்லைப் புதுநெல்லுடனும், ஓரினத்தை வேறோரினத்துடனும் கலந்து ஒரே பெயரில் விற்றல் ஆகாது. பிறர் செய்தால் மோசடி எனப்படுவது தாம் செய்தாலும் மோசடியே.

பங்கு இறைச்சி வாங்கியவர் ஆட்டையும் வளர்த்தவரையும் அறிந்திருந்தார். சந்தை எவ்வளவு தூரம் சென்றாலும் அவ்வறிவைக் கேட்டுப் பெறுவது உண்பவரின் உரிமை; அதனை மறையாது கொடுப்பது விளைவிப்பவரின் கடமை. இக்கடமையை முதலிற் செய்யும் கமக்காரரின் சாக்கையே வாங்குபவர் அடுத்த சந்தையிலும் தேடி வருவர்.