ஒரே மரபணுத் தொகுப்பு. மென்தசை மட்டும் தனியாக உருவாவது எப்படி?

சூலூர் வட்டாரத்து விசைத்தறியைக் கவனித்துப் பாருங்கள். பாவு ஒன்றுதான். எந்த இழை மேலே எழும், எது கீழே நிற்கும் என்பதில்தான் துணியின் நெசவு பிறக்கிறது. நம் உடலும் அப்படித்தான். ஏறக்குறைய எல்லாச் செல்களிலும் அதே டி.என்.ஏ.தான், எந்த மரபணு விழிக்கிறது என்பதே செல்லின் தொழிலைத் தீர்மானிக்கிறது.

குடல், ரத்தக்குழாய், கருப்பை ஆகியவற்றின் சுவரில் நாம் நினைக்காமலே சுருங்கி விரிவது மென்தசை.

அதன் மரபணுக்களை விழிக்க வைப்பது எது?

சுருங்குவதற்கான மரபணுக்களின் அருகே ‘கார்க் பெட்டி’ என்ற குறுகிய டி.என்.ஏ. வரிசை இருக்கிறது. அதில் எஸ்.ஆர்.எஃப். என்ற புரதம் அமர்கிறது. ஆனால் இந்தப் புரதம் செல் பெருகவும் உதவும், சுருங்கவும் உதவும். எந்த வேலை என்பதை முடிவு செய்வது அதோடு சேரும் துணை. மயோகார்டின் என்ற புரதம் சேர்ந்தால் சுருங்குவதற்கான மரபணுக்கள் விழிக்கின்றன; எல்க்-1 என்ற புரதம் அந்த இடத்தைப் பிடித்தால் அவை அடங்குகின்றன.

மயோகார்டினை 2001-இல் அமெரிக்காவின் டல்லஸில் எரிக் ஓல்சன் ஆய்வகம் கண்டறிந்தது. மயோகார்டின் இல்லாத எலிக்கருக்களில் ரத்தக்குழாய் மென்தசை உருவாகவில்லை; அவை கருவிலேயே இறந்தன.

நமக்கு இதனால் என்ன?

முதிர்ந்த மென்தசை காயம்பட்டால் சுருங்கும் தொழிலை விட்டுவிட்டு மீண்டும் பெருகத் தொடங்கும். காயம் ஆற்றும் இந்தக் குணமே தமனித் தடிப்பிலும் பங்கு வகிக்கிறது. இந்த மாற்றத்தைப் புரிந்துகொள்வது இதயத்தைக் காக்க உதவலாம்.