அழகின் விலையும் பயிற்சியின் விலையும்

பிரித்தானியாவின் வேல்ஸ் பகுதியில் டோல்கெத்லை என்பது ஒரு சிற்றூர். அவ்வூர்க் கால்நடைச் சந்தையார் 2021 பிப்ரவரித் திங்களில் நடத்திய இணையவழி ஏலத்தில், கிம் என்னும் ஒரு வயதுப் பெண்நாய் 27,100 பவுண்டுக்கு விலைபோயிற்று. நம் பணத்தில் ஏறத்தாழ 27 இலட்சம் ரூபாய்! மந்தை மேய்க்கும் நாய் ஒன்று ஏலத்தில் அந்நாள்வரை இவ்வளவு விலை பெற்றதில்லை. அவ்விலை அதன் தோற்றத்திற்குத் தரப்பட்டதன்று.

கிம், பார்டர் கோலி இனத்தைச் சேர்ந்தது. இவ்வின நாய்கள் பெரும்பாலும் குரையாமல், உடலைத் தாழ்த்தி, கண்ணால் உறுத்து நோக்கியே ஆடுகளை நகர்த்துகின்றன. மந்தையை வளைத்து மேய்ப்பரிடம் கொணர்வது அவற்றின் பிறவிக்குணம். ஆனால் மேய்ப்பரிடமிருந்து மந்தையை அப்பால் ஓட்டிச் செல்வது அக்குணத்திற்கு மாறானது. அதனைக் கற்பித்தே ஆகவேண்டும். தொலைவில் எழும் சீழ்க்கையின் வேறுபாடறிந்து வலமாகவோ இடமாகவோ சுற்றவும், நிற்கவும், விரைவைக் குறைக்கவும் பழக்குவதற்கு நாள்தோறும் உழைப்பு வேண்டும். மலைச்சரிவில் ஆட்கள் பலர் ஓடியும் திரட்டவியலாத மந்தையை அத்தகைய நாய் ஒன்றே திரட்டிவிடும். பண்ணையாளர் விலைகொடுத்து வாங்குவது நாயையா, பயிற்றுநரின் உழைப்பையா என வினவினால், பின்னதையே என்பேன்.

கண்காட்சி நாயின் கணக்கு வேறு. நியூயார்க்கில் 1877இல் தொடங்கிய வெஸ்ட்மின்ஸ்டர் கண்காட்சியில் முதன்மை நாயாகத் தேறினாலும் பணப்பரிசு கிடையாது என்பது பலருக்கு வியப்பளிக்கும். கிண்ணமும் புகழும் கிட்டும். வருவாய் பின்னர்ப் பொலிநாய்க் கட்டணமாகவும் குட்டிகளின் விலையாகவுமே வரவேண்டும். ஆகவே அது பெரும்பாலும் எதிர்பார்ப்பின் விலை. எதிர்பார்ப்புச் சரிந்தால் அதுவும் சரியும். சீனாவில் அதுவே நிகழ்ந்தது. திபெத்திய மாஸ்டிஃப் கால்நடைக் காவலுக்கு உரிய இனம். ஆயினும் அதன் சிங்கம்போன்ற பிடரிமயிரிலேயே செல்வர்கள் மயங்கினர். 2014இல் செஜியாங் மாநிலத்தில் குட்டியொன்று 1 கோடியே 20 இலட்சம் யுவானுக்கு விற்றதாகச் செய்தித்தாள்கள் எழுதின. மறு ஆண்டே, இறைச்சிக் கூடத்திற்குச் சென்ற லாரி ஒன்றிலிருந்து அவ்வின நாய்கள் மீட்கப்பட்ட செய்தி வந்தது.

தோற்றத்திற்கே விலையெனின் தொழில்திறன் தேயும் என்னும் அச்சம் மேய்ப்பர்களுக்கு நெடுநாளாக உண்டு. 1906இல் தோன்றிய அனைத்துலக மேய்ப்பு நாய்ச் சங்கம், குலமரபு அறியப்படாத நாயாயினும் களத்தில் திறனை மெய்ப்பித்தால் தன் பதிவேட்டில் சேர்த்துக்கொள்கிறது. அமெரிக்கக் கென்னல் கழகம் 1995இல் பார்டர் கோலியைக் கண்காட்சிக்கு உரிய இனமாக ஏற்றபோது, அதனைத் தொழிலுக்கென வளர்த்தோரே எதிர்த்து நின்றனர். நடுவர் செவியையும் மயிரையும் வாலையும் ஆராயலாம். ஆடுகளின்முன் அந்நாய் என்ன செய்யும் என்பதைக் கண்காட்சி வளையத்துள் எவ்வாறு அறிவது?

இனி, மிகுந்த பயிற்சி பெற்றும் ஏலத்திற்கே வாராத நாய்களும் உள. அமெரிக்காவில் 1929இல் தொடங்கப்பெற்ற சீயிங் ஐ நிறுவனம், பார்வையற்றோர்க்கு வழிகாட்டும் நாய்களைப் பழக்கி வருகிறது. ஒரு நாயை உருவாக்கப் பல்லாயிரம் டாலர் செலவாகிறது; நன்கொடையே அதனை ஈடுசெய்கிறது. ஆயினும், இலவசமாகப் பெற்றோம் என்னும் தாழ்வு பெறுநர்க்கு நேராதவாறு சிறுதொகை ஒன்றை வாங்குகின்றனர். முதல் நாய்க்கு 150 டாலர். அடுத்த நாய்க்கு 50. முன்னாள் படைவீரராயின் 1 டாலர்.