பல் சீரமைப்பியல் தொடக்கக் கல்வியில் தமிழ்ச் சொல்: கற்பித்தலும் மதிப்பீடும்

முன்னுரை

செங்கத்திலிருந்தோ சவ்வாது மலையடிவாரத்திலிருந்தோ ஏழெட்டு வயதுக் குழந்தையைத் திருவண்ணாமலைக்கு அழைத்துவரும் தாய் ஒருத்தி, பல் மருத்துவரிடம் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும்: “முன்பல்லு ரெண்டுக்கும் நடுவுல சந்து விழுந்திருக்கு.” அதற்கு மருத்துவர் அளிக்கும் விடை ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் கம்பி கட்ட வேண்டுமா, காத்திருக்கலாமா, மீண்டும் எப்போது வரவேண்டும் என்பனவெல்லாம் அந்த ஒரு நிமிடப் பேச்சில்தான் அக்குடும்பத்துக்குத் தெளிவாகின்றன. தெளிவாகாவிடின் வீண் செலவு நேரும். அல்லது உரிய பருவம் கைநழுவும்.

பல் மருத்துவ இளநிலைப் பட்டப்படிப்பில் (பி.டி.எஸ்.) மாணவர் இக்குறையைப் பற்றி விரிவாகவே கற்கின்றனர். அதனைத் தாய்க்கு எடுத்துரைக்கும் மொழியைக் கற்பதில்லை; அம்மொழி தேர்விலும் இடம்பெறுவதில்லை. பல் சீரமைப்பியலின் தொடக்கநிலைப் பாடம் கண்ணால் காண்பதற்குப் பெயரிடும் பயிற்சி. ஆகவே அதன் கற்பித்தலிலும் மதிப்பீட்டிலும் தமிழ்ச் சொல்லுக்கு உரிய இடம் உண்டு என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

பாடமும் தேர்வும்

பல் சீரமைப்பியலின் முறையான வகைப்பாடு அமெரிக்கரான எட்வர்டு ஆங்கிள் 1899-இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து தொடங்குகிறது. ஆறு வயதில் முளைக்கும் முதல் நிலைக் கடைவாய்ப்பல்லை அவர் அளவுகோலாகக் கொண்டார். மேல்தாடைப் பல்லின் முன்புறக் கன்னமுகடு, கீழ்தாடைப் பல்லின் கன்னப்புறப் பள்ளத்தில் பொருந்துவது முதல் வகை. கீழ்ப்பல் அதற்குப் பின்தள்ளி அமைவது இரண்டாம் வகை. முன்தள்ளி அமைவது மூன்றாம் வகை. ஒரு நூற்றாண்டுக்கு மேலாகியும் பாடநூல்கள் இதிலிருந்தே தொடங்குகின்றன. மேல் கடைவாய்ப்பல் இடம்மாறாது என்ற ஆங்கிளின் கருத்து பின்னர் மறுக்கப்பட்டது. வகைப்பாடு மட்டும் நிலைத்துவிட்டது.

இந்தியப் பல் மருத்துவ மன்றத்தின் 2007-ஆம் ஆண்டு விதிமுறைப்படி இப்பாடத்தின் பல்கலைக்கழகத் தேர்வு இறுதியாண்டில் நிகழ்கிறது. எழுத்துத் தேர்வுக்கு 70, வாய்மொழித் தேர்வுக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10 என நூறு மதிப்பெண். செய்முறைக்கு அகமதிப்பீடு உட்படத் தனியே நூறு. செய்முறைப் பயிற்சியில் கம்பி வளைத்தல் முதன்மை பெறும். 0.7 மில்லிமீட்டர் துருவேறா எஃகுக் கம்பியைக் கொண்டு ஆடம்ஸ் பிடிப்பான் செய்யும் மாணவர், அதன் இரு அம்புத்தலைகளும் கடைவாய்ப்பல்லின் குழிவுகளில் சரியாகச் சென்று பற்றும்படி வளைக்க வேண்டும். குறட்டின் தழும்பு கம்பியில் பட்டால் மதிப்பெண் குறையும். கையின் திறத்தை இவ்வளவு நுட்பமாக அளக்கும் இத்தேர்வு, நாவின் திறத்தை அளப்பதே இல்லை. வாய்மொழித் தேர்வு என்ற பெயர் இருப்பினும், அது ஆசிரியரோடு ஆங்கிலத்தில் நிகழும் உரையாடலேயன்றி நோயாளியோடு நிகழ்வதன்று.

இந்நிலைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவ, பல் மருத்துவ இடங்களில் 7.5 விழுக்காட்டு ஒதுக்கீடு வழங்கும் சட்டத்தைத் தமிழ்நாடு 2020-இல் இயற்றியது. நீட் நுழைவுத்தேர்வைத் தமிழில் எழுதும் வாய்ப்பு 2017 முதல் உள்ளது. ஆக, திருவண்ணாமலை மாவட்டத்தின் சிற்றூர்ப் பள்ளியில் தமிழ்வழி பயின்ற மாணவி தமிழிலேயே தேர்வெழுதிச் சென்னையிலோ சிதம்பரத்திலோ உள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரியில் சேர இயலும். சேர்ந்த நாள்முதல் பாடமும் தேர்வும் ஆங்கிலம். தெற்றுப்பல் எது என்று பிறந்த ஊரிலேயே அறிந்தவர், வகுப்பறையில் அதை அறியாதவர்போல் அமர நேர்கிறது. அவர் கொண்டுவரும் மொழியறிவு பின்னாளில் நோயாளியிடம் பெரிதும் பயன்படும். ஆயினும் பயிற்சிக் காலத்தில் அது குறையாகவே எண்ணப்படுகிறது.

பெயரிடலின் சிக்கல்

தமிழில் மேனாட்டு மருத்துவம் கற்பிப்பது புதிய முயற்சி அன்று. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் பிஸ்க் கிறீன் 19-ஆம் நூற்றாண்டில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். ‘மனுஷ அங்காதிபாதம்’, ‘கெமிஸ்தம்’ முதலிய நூல்களை வெளியிட்டார். முதலில் தமிழ்ச்சொல், அது கிட்டாதபோது வடசொல், அதுவும் கிட்டாதபோது ஒலிபெயர்ப்பு என்பது அவர் கைக்கொண்ட நெறி. ‘கெமிஸ்தம்’ என்ற நூற்பெயர் மூன்றாம் படிக்குச் சான்று. எனினும், பல் சீரமைப்பியலுக்கு இந்நெறியை அப்படியே பொருத்தினால் ஓர் இடர் எழுகிறது. தமிழ்ச்சொல் கிடைப்பது மட்டும் போதாது. அச்சொல் நோயாளியின் செவியில் எவ்வாறு ஒலிக்கும் என்பதையும் நோக்க வேண்டும்.

ஆங்கிளின் ‘கிளாஸ்’ என்பதை எடுத்துக்கொள்ளலாம். இதனை ‘வகுப்பு’ என்றால் பள்ளி வகுப்பு நினைவுக்கு வரும். ‘தரம்’ என்றால் இன்னும் கேடு: மூன்றாம் தரம் என்று கேட்கும் தந்தை, தம் மகளின் பல் கடைத்தரமானது என்றே கொள்வார். ‘வகை’ என்ற எளிய சொல்லே இங்குப் பொருந்தும். மாணவர்க்கும் இதனால் ஒரு நன்மை உண்டு. முதல் வகை என்பது குறையற்ற நிலை என்று தொடக்கநிலை மாணவர் பலர் மயங்குவர். கடைவாய்ப்பல்லின் பொருத்தம் சரியாக இருந்தும் முன்பற்கள் நெருங்கியோ திரும்பியோ இருப்பதே ஆங்கிள் கூறும் முதல் வகைப் பிறழ்வு. தரவரிசையின் சாயல் இல்லாத ‘வகை’ என்னும் சொல் இம்மயக்கத்தைக் குறைக்கும்.

‘கடி’ என்னும் சொல்லும் இத்தகையதே. ஆழ்கடி, திறந்த கடி எனச் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பது எளிது. ஆனால் பேச்சுவழக்கில் கடி என்பது நாயோடும் பாம்போடும் சேர்ந்தே வருவது. மேல்பல்லும் கீழ்ப்பல்லும் இயைவதைப் ‘பற்பொருத்தம்’ என்றும், அதன் கேட்டைப் ‘பொருத்தப் பிறழ்வு’ என்றும் வழங்குவது தெளிவு. திறந்த கடியை நோயாளியிடம் “வாயை மூடினாலும் முன்பல் ஒன்றையொன்று தொடவில்லை” என்று ஒரு தொடராகவே சொல்லிவிடலாம். எல்லாவற்றுக்கும் ஒற்றைச் சொல் தேடும் கலைச்சொல்லாக்க வேட்கைக்கு இத்துறையில் சற்று அடக்கம் வேண்டும்.

சில இடங்களில் தமிழே ஆங்கிலத்தினும் தெளிவாக அமைகிறது. மேல் முன்பல் கீழ் முன்பல்லுக்கு முன்னே நீண்டிருக்கும் கிடைமட்ட அளவு ‘ஓவர்ஜெட்’. மேலிருந்து கவிந்து மறைக்கும் செங்குத்து அளவு ‘ஓவர்பைட்’. இரண்டும் இயல்பில் ஏறத்தாழ 2 முதல் 3 மில்லிமீட்டர். ஆங்கிலப் பொதுவழக்கிலேயே இவ்விரண்டும் குழப்பிப் பேசப்படுவதால் மாணவரும் தேர்வில் மாற்றி எழுதுவதுண்டு. ‘முன்னீட்டம்’, ‘மேற்கவிவு’ எனின் திசை சொல்லிலேயே அடங்கிவிடுகிறது. மக்கள் வழக்கும் இத்தகைய வேறுபாட்டை முன்பே அறியும்: முன்துருத்தியது எடுப்புப் பல், ஒன்றன்மேல் ஒன்று பின்னி நிற்பது தெற்றுப்பல். பின்னுதல் என்னும் பொருளுடைய ‘தெற்றுதல்’ என்ற வினையடியாகப் பிறந்த பின்னைய சொல், பல்நெருக்கத்தைக் குறிக்கப் புதுச்சொல் வேண்டாதபடி செய்கிறது.

மொழிபெயர்க்கவே கூடாத ஒரு சொல்லும் உண்டு. முன்னுரையில் குறித்த குழந்தையின் நிலையை பிராட்பென்ட் 1937-இல் ‘அழகற்ற வாத்துக்குஞ்சுப் பருவம்’ என்ற பொருள்படும் தொடரால் குறித்தார். டேனிய எழுத்தாளர் ஆண்டர்சனின் கதையை அறிந்த சமூகத்தில் அப்பெயர் ஆறுதலானது. குஞ்சு பின்னர் அன்னமாகும் என்பது கேட்போர்க்குத் தெரியும். கதையறியாத தாயிடம் அதைத் தமிழாக்கிச் சொன்னால், குழந்தையை இழித்துரைத்ததாகவே முடியும். ஈறுக்குள் முளைக்கக் காத்திருக்கும் கோரைப்பற்கள் முன்பற்களின் வேர்களை நெருக்குவதால் அவற்றின் முனைகள் விரிகின்றன; பதினொன்று, பன்னிரண்டு வயதில் கோரைப்பல் இறங்கியதும் இடைவெளி பெரும்பாலும் தானே மூடும். இதனைக் ‘கோரைப்பல்லுக்குக் காத்திருக்கும் பருவம்’ எனலாம். காரணமும் கால எல்லையும் அப்பெயரிலேயே உள்ளன.

எழுத்துப் பிறப்பும் பல்லும்

பல் சீரமைப்பு நோயாளியின் முதல் ஆய்வுப் படிவத்தில் பேச்சு பற்றிய வினா ஒன்று உண்டு. ஆங்கிலப் பாடநூல்கள் அம்மொழியின் ஒலிகளைக் கொண்டே அதனை விளக்குகின்றன. தமிழ் நோயாளிக்கு அதன் இணை, தொல்காப்பியப் பிறப்பியலில் ஆயத்தமாக உள்ளது. தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என எட்டு இடங்களைக் கூறும் அவ்வியல், பல்லை ஒலிப்புறுப்பாக வெளிப்படையாகவே எண்ணுகிறது. தகரமும் நகரமும் மேற்பல்லின் அடியில் நாநுனி பரந்து பொருந்தப் பிறப்பன; வகரம் மேற்பல் இதழோடு இயையப் பிறப்பது; பகரமும் மகரமும் இரு இதழும் பொருந்தப் பிறப்பன.

இவ்விளக்கத்தை நோயாளியின் வாயோடு ஒப்பிட்டால் பாடம் உயிர்பெறுகிறது. கீழ்த்தாடை முன்தள்ளிய மூன்றாம் வகையில் மேற்பல் கீழிதழை எட்டுவது கடினம், வகரம் இடர்ப்படலாம். எடுப்புப் பல் மிகுந்தவர்க்கு இதழ்கள் இயல்பாக மூடாமையால் பகர மகரங்களைக் கீழிதழும் மேற்பல்லும் சேர்த்து ஒலிக்க நேரலாம். சகரத்தில் ஒரு நுட்பம் உண்டு. தொல்காப்பியர் அதனை இடைநாவும் இடையண்ணமும் சேர்ந்து பிறப்பதாகக் கூறுகிறார். இன்றைய தமிழகப் பேச்சில் சொல்முதற் சகரம் பெரும்பாலும் பல்லினருகே உரசொலியாகிவிட்டது. ஆகவே முன்பல் திறப்பு உள்ள குழந்தையின் குறை ‘பச்சை’ என்பதைவிடச் ‘சாவி’ என்பதில் எளிதில் வெளிப்படும்.

ழகரம் குறித்து ஓர் எச்சரிக்கை தேவை. கம்பி கட்டினால் ழகரம் திருந்தும் என்று எதிர்பார்க்கும் பெற்றோர் உண்டு. நாநுனி மேல்நோக்கி வளைந்து அண்ணத்தை வருடப் பிறக்கும் அவ்வெழுத்தில் முன்பல்லுக்குப் பங்கில்லை. மருத்துவர் அவ்வுறுதியை அளித்தல் ஆகாது. பிற ஒலிகளிலும், பல் பிறழ்ந்தவர் பலர் நாவையும் இதழையும் பழக்கிக்கொண்டு பிழையின்றிப் பேசுவதால், பல்லைப் பார்த்துப் பேச்சைக் கணிப்பது பிழை. பேசச் செய்து கேட்பதே முறை.

மதிப்பீட்டில் தமிழ்

மருத்துவக் கல்வியில் இதற்கேற்ற கருவி ஏற்கெனவே உள்ளது. இசுக்காட்லாந்தின் டண்டீயில் ஹார்டனும் உடன்பணியாற்றியோரும் 1975-இல் அறிமுகப்படுத்திய கட்டமைக்கப்பட்ட புறவயச் செய்முறைத் தேர்வில், மாணவர் ஒவ்வொரு நிலையமாகச் சென்று குறித்த நேரத்தில் குறித்த பணியைச் செய்வர். தேர்வாளர் முன்வகுத்த படிவத்தின்படி மதிப்பிடுவர். தெரிந்திருத்தல் வேறு, செய்துகாட்டல் வேறு என்று ஜார்ஜ் மில்லர் 1990-இல் தம் கூம்பு வடிவ விளக்கத்தில் பிரித்துக் காட்டியது இம்முறைக்கு வலுச்சேர்த்தது. அத்தேர்வில் ஒரு நிலையத்தைத் தமிழுக்கு ஒதுக்கலாம். பணி: எட்டு வயதுக் குழந்தையின் முன்பல் இடைவெளியைப் பயிற்சி பெற்ற ஒருவர் தாயாக நடிக்க, ஐந்து நிமிடத்தில் அவருக்கு விளக்குதல்.

அந்நிலையத்தின் மதிப்பெண் படிவத்தில் இலக்கணச் சுத்தத்துக்கு இடம் வேண்டா. இது தமிழ்ப் புலமைத் தேர்வு அன்று. இடைவெளி 2 மில்லிமீட்டருக்குள் இருந்தால் கோரைப்பல் இறங்கும்போது மூடக்கூடும் என்றும், மிகுந்திருந்தால் தானே மூடும் வாய்ப்புக் குறைவு என்றும் மாணவர் கூறினாரா? மேலுதட்டை ஈறோடு இணைக்கும் சவ்வு மடிப்பையும், நடுவே மிகைப்பல் புதைந்திருக்கும் வாய்ப்பையும் பார்த்துவிட்டுத்தான் காத்திருக்கச் சொன்னாரா? மீண்டும் வரவேண்டிய காலத்தை “அடுத்த விசிட்” என்னாமல், முழுப்பரீட்சை விடுமுறை என்றோ கார்த்திகை தீபம் கழிந்து என்றோ தாய் மறவாத ஒரு குறிப்பால் சொன்னாரா? குழந்தையின் முன்னிலையில் அதனைப் புண்படுத்தும் சொல்லைத் தவிர்த்தாரா? இறுதியாக, சொன்னதைத் தாய் தம் சொல்லில் திருப்பிச் சொல்லும்படி கேட்டாரா? இவற்றுள் இறுதி வினாவுக்கே மிகுதியான மதிப்பெண் தகும்.

இரண்டாவது நிலையம் ஒன்று அமைப்பின், அது கம்பி கழற்றிய பிறகான காலத்தைப் பற்றியதாக இருத்தல் நலம். “கிளிப்பு கழட்டியாச்சு” என்றதும் சிகிச்சை முடிந்தது என்று கருதுவோர் மிகப் பலர். நகர்த்தப்பட்ட பல் பழைய இடத்துக்கு மீளும் இயல்புடையது. அதனைத் தடுக்கும் தக்கவைப்புக் கருவியை அணியாவிடின் இரண்டாண்டு உழைப்பும் செலவும் பாழாகும். திருவண்ணாமலையிலிருந்து வேலூருக்கோ சென்னைக்கோ மாதந்தோறும் ஒரு நாள் கூலியை விட்டுச் சென்று வந்த குடும்பத்துக்கு அவ்விழப்பு சிறிதன்று. ‘ரிட்டெய்னர்’ என்ற சொல்லை மட்டும் கூறி அனுப்புவதைவிட, “கம்பி பல்லை நகர்த்தியது, இது நகர்ந்த பல்லைப் பிடித்துவைக்கும்” என்று இரு தொடரில் சொல்லும் மாணவர்க்கு இந்நிலையத்தில் முழு மதிப்பெண் அளிக்கலாம்.

இந்நிலையங்களுக்கான தமிழ்ப் படிவங்களைப் பல் மருத்துவ ஆசிரியர் தனியே ஆக்க இயலாது. தமிழ்த்துறையும் தனியே ஆக்க இயலாது. பிறப்பியலைக் கற்பிப்போரும் கடைவாய்ப்பல் பொருத்தத்தைக் கற்பிப்போரும் ஒரே மேசையில் அமர்ந்து, வ, த, ப, ச ஆகிய நான்கு ஒலிகளுக்குக் குழந்தைகள் அறிந்த சொற்களைத் தெரிவு செய்து, ஊரகத் தாய்மார் சிலரிடம் அவற்றைச் சொல்லிப் பார்த்துத் திருத்துவதே அப்பணியின் முதற்படி.